முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்

குஷன் அக்காவின் கடைக்கு ஒரு முதலாளி இருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒருவர் கிடையாது.

கடை என்பது ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. சோபா, நாற்காலி, மோட்டார் சைக்கிள் சீட்டு என்று மனிதர் உட்காருகிற எதைக் கொண்டுவந்தாலும் பிரித்து, ஃபோம் மாற்றி, புது உறை தைத்துக் கொடுப்பாள். தைப்பதும் அவள்தான், ஆணி அடிப்பதும் அவள்தான், சாயங்காலம் பெருக்கிப் பூட்டுவதும் அவள்தான். பிறகு முதலாளி எங்கிருந்து வந்தார் என்றால், கடை திறந்த இரண்டாவது வாரத்தில் வந்தார்.

அன்று ஒரு வக்கீல் மூன்று பேர் உட்காரும் சோபாவை இறக்கிவிட்டு, நாளைக்கே வேண்டும் என்று நின்றார். நாளைக்கு முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் 'முடியாது' என்ற சொல் அதுவரை அவள் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை. ஐந்து பெண்களில் கடைக்குட்டி. அக்காமார் நால்வரும் பேசி முடித்த பிறகு மிச்சம் மீதி இருந்த பேச்சுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது. எதிரில் நிற்பவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே வாய் பூட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ, "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்று வந்துவிட்டது. பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய், ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவே நின்று முப்பது வரை எண்ணினாள். திரும்பி வந்து, ஐந்து நாள் ஆகுமாம், அவசரம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்றாள். வக்கீல் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் முதலாளி வளர்ந்துகொண்டே போனார். கறாரான மனிதர். பழைய பஞ்சைப் புதியதோடு கலக்கச் சம்மதிக்க மாட்டார். சொன்ன தேதியை மாற்ற மாட்டார். முழங்கால் வலி, அதனால் வெளியே வர மாட்டார். வாடிக்கைக்காரர்கள் அவரை நலம் விசாரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் முழங்காலுக்கென்று தைலமே கொடுத்தனுப்பினார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவரின் இடுப்பில் தேய்த்துவிட்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறடி உயரம், கனத்த மீசை, குழந்தை மனசு. "எனக்கு இடுப்பு வலிச்சா நாய்கூட ஏன்னு கேக்கறதில்ல. இல்லாத மனுஷனோட முழங்காலுக்கு ஊரே கவலைப்படுது" என்று குப்புறப் படுத்தபடி குறைப்பட்டுக்கொண்டார்.

முதலாளிக்கு ஒரு நாற்காலியும் உண்டு. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன, உயர்ந்த முதுகு வைத்த சுழல் நாற்காலி. தடுப்பை ஒட்டிப் போட்டு, கைப்பிடியில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடியையும் வைத்திருந்தாள். அதில் யாரையும் உட்கார விட்டதில்லை. அவளும் உட்கார்ந்ததில்லை.

இப்படியே ஆறு வருஷம் ஓடிய பிறகுதான் திரையரங்கிலிருந்து தொலைபேசி வந்தது. பதினெட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு இருக்கை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் புதுப்பிக்க முடியுமா என்று திரையரங்கை நிர்வகிக்கும் அம்மாள் கேட்டார். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் அவர் முடிவைத் தெரிவித்தாள். ஒரு மாதம் போதாது. வாரத்துக்கு இரண்டு வரிசையாகக் கழற்றினால் ஒன்பது வாரம். மற்ற வரிசைகளில் காட்சி நடக்கட்டும். பழைய பஞ்சு ஒரு பிடிகூடக் கலக்க முடியாது.

அதற்கு அந்த அம்மாள், "உங்க முதலாளியை நான் நேர்ல பார்க்கணும். வெள்ளிக்கிழமை காலையில வரேன். பார்த்துட்டுத்தான் முடிவு" என்று வைத்துவிட்டார்.

குஷன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டாள். இந்த வேலை கிடைத்தால் பக்கத்து அறையையும் எடுத்து, இன்னொரு மெஷின் போட்டு, தைக்க ஆள் வைக்கலாம். கைவிட்டுப் போனால் மாடிப்படிக்குக் கீழேயே காலம் போய்விடும். அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் அந்தத் திரையரங்குக்குத்தான் போனார்கள். என்ன படம் என்று அவளுக்கு நினைவில்லை. எட்டாவது வரிசையில் அவள் இருக்கை இடது பக்கம் அமுங்கிக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. எங்கே ஸ்பிரிங் போயிருக்கிறது என்று இருட்டில் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்த கணவர், தன் கையைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து, கூச்சத்தோடு கையைக் கொடுத்தார். பதினான்கு வருஷமாகியும் அவள் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

"நீங்கதான் முதலாளி. வெள்ளிக்கிழமை ஒரு அரை மணி நேரம்" என்றாள் கணவரிடம்.

தனக்குப் பொய் வராது என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்று ஆறுதலுக்காகச் சொல்லாத ஆள் அவர். அவள் விடவில்லை. ஃபோமின் கனம், ரெக்ஸினின் ரகம், ஒன்பது வாரக் கணக்கு எல்லாவற்றையும் மூன்று நாள் பாடம் நடத்தினாள். நொண்டி நடக்கவும் பழக்கினாள். அவர் ஒரு நாள் வலது காலை நொண்டினார், மறுநாள் இடது காலை. கடைசியில், எழுந்திருக்கவே வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த தலை, கையில் ஒரு நோட்டு. முதலாளி சுழல் நாற்காலியில் சுழலாமல் உட்கார்ந்திருந்தார். குஷன் அக்கா கத்தரிக்கோலோடு வேலைக்காரி மாதிரி ஓரமாக நின்றாள். ஒன்பது வாரம் ஏன் என்ற கேள்விக்கு அவர் மனப்பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தார். ஃபோம் கனத்தையும் சரியாகச் சொன்னார். அவளுக்கு மூச்சு வந்தது.

"இருக்கையில ஸ்பிரிங் பாதிக்குப் பாதி நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் மாத்தணுமா, இல்ல விட்டுடலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் அந்த அம்மாள்.

இது பாடத்தில் இல்லை. அவர் மீசையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். பதினான்கு வருஷப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"வீட்ல கேட்டுச் சொல்றேங்க."

"ஸ்பிரிங்கைப் பத்தியா?"

"ஆமாங்க" என்று பயபக்தியோடு சொல்லிவிட்டு, அவர் அப்படியே மனைவி பக்கம் திரும்பினார். "என்னம்மா, மாத்தணுமா?"

குஷன் அக்காவுக்கு வாய் பூட்டிக்கொண்டது. வழக்கம்போலக் கண் தடுப்பின் பக்கம் போனது. அங்கே ரெக்ஸின் சுருள்தான் நின்றது. அவளுக்காகப் பதில் சொல்ல அங்கே யாரும் கிடையாது. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள்.

"முதலாளி நான்தாங்க. இவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பாதி ஸ்பிரிங்கை விட்டா பழசும் புதுசும் ஒண்ணா அமுங்காது, ஆறே மாசத்துல இருக்கை கோணிக்கும். எல்லாத்தையும் மாத்தணும்."

அந்த அம்மாள் நோட்டை மூடினார். "அப்போ ஒன்பது வாரம்னு சொன்னது?"

"நான்தான்."

"பழைய பஞ்சு ஒரு பிடி கலக்க மாட்டேன்னது?"

"அதுவும் நான்தாங்க."

"நாலு இடத்துல கேட்டேன். மூணு பேர் ஒரு மாசத்துல முடிச்சிடலாம்னாங்க. முடியாதுன்னு சொன்னது ஒருத்தர்தான். அந்த ஆளை நம்பலாம்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனா இந்த நாடகம் எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிடறேன்."

"தப்புதாங்க" என்றாள்.

நாற்காலியிலிருந்தவர், யோசனை தன்னுடையதில்லை என்று தெரிவித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் ஒரு வரிசை மட்டும் தருவதாகவும், அது திருப்தியாக இருந்தால் மிச்சத்தையும் தருவதாகவும் சொன்னார். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்றும் கேட்டார்.

"முதலா..." என்று நாக்கு கிளம்பியது. அவள் அதை மென்று விழுங்கினாள். "முடியாதுங்க. வியாழக்கிழமை தரேன்."

"சரி, வியாழக்கிழமை. எந்த வரிசை எடுக்கறீங்க?"

"எட்டாவது" என்றாள் யோசிக்காமல். கணவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் போன பிறகு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரே நாள் முதலாளியா இருந்தேன், அதுக்குள்ள வேலையை விட்டுத் தூக்கிட்டே."

"உங்களுக்கு முழங்கால் வலி. ஓய்வு எடுங்க."

மூக்குக்கண்ணாடியை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தாள். ஸ்பிரிங் ஒன்று ஊசியாய்க் குத்தியது.

"அரை மணி நேரமா எனக்குக் குத்துச்சு. முதலாளியாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.