அடித்துச் சொல்ல முடியாதது

பல்கலைக்கழகத்தில் குர்ஆன் விளக்கவியல் நடத்தும் அண்ணனின் கட்டுரை வெளிவந்ததுமே அவள் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்து அவளுக்குப் பழக்கம்.

மனைவியைக் கண்டிப்பது பற்றிய வசனத்தில் ‘அடியுங்கள்’ என்று காலங்காலமாக மொழிபெயர்க்கப்படும் சொல்லை அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தான். அதன் வேர்ச்சொல் வரும் இடங்களையெல்லாம் கணினியில் திரட்டி, ஓரிடத்தில் அது பயணம் போவதைக் குறிக்கிறது, இன்னோரிடத்தில் உவமை சொல்வதைக் குறிக்கிறது என்று காட்டியிருந்தான். வேதத்தின் மொத்த நோக்கம் கருணை; ஆகவே இங்கே ‘விலகியிருங்கள்’ என்றே கொள்ளலாம் என்பது அவன் முடிவு.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கணவனுக்குக் கோபம் வந்தால் கை நீளும். நீண்டபின் அந்த வசனத்தைச் சொல்வான். வேதத்தை மறுக்கவும் முடியாமல், அவனைப் பொறுக்கவும் முடியாமல் தவித்தவள் அவள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப இருந்தவள், அந்தக் கட்டுரையை நம்பித்தான் தங்கினாள்.

கணவன் கட்டடப் பொறியாளன். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபின், அவள் நீட்டிய கட்டுரையை நிதானமாகப் படித்தான்.

“உங்கண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா எனக்கும் அகராதி பாக்கத் தெரியும்.” கைபேசியில் வரிசையாக மொழிபெயர்ப்புகளைத் திறந்து காட்டினான். “எல்லாத்துலயும் அடிக்கறதுதான் இருக்கு. வேரைத் தோண்ட ஆரம்பிச்சா எந்த மரத்தையும் சாய்ச்சிடலாம்.”

“மரத்தை விடுங்க. அடிக்கறது சரின்னு உங்க மனசு சொல்லுதா?”

அதற்கு அவன் கைதான் பதில் சொன்னது. அன்று விழுந்த அறையில் அவளது இடது காது கேட்காமல் போயிற்று.

பள்ளிவாசல் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“நபி தன் மனைவிமார்மேல ஒருநாளும் கை ஓங்கினதில்ல. தெரியுமா, தெரியாதா?” என்று இமாம் கேட்டார்.

“தெரியும் ஹஜ்ரத். அது அவங்க உயர்வு. நான் சாதாரண மனுஷன்.”

கணவன் சட்டைப்பையிலிருந்து கட்டுரையை எடுத்து ஒரு வரியை வாசித்தான். “‘இச்சொல்லுக்கு இதுதான் ஒரே பொருள் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது.’ மச்சானே எழுதியிருக்கார். அவருக்கு அவர் அர்த்தம், எனக்கு என் அர்த்தம்.”

அண்ணன் எழுந்தான். “அந்த வரிக்கு முன்னாடி வர்ற பத்தியையும் சேர்த்துப் படிக்கணும். அதோட சூழல் என்னன்னா...” அவள் அவன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஹஜ்ரத், அர்த்தம் எதுவா வேணாலும் இருக்கட்டும். நான் இனிமே இவரோட வாழ மாட்டேன். பிரிச்சு விட்டுடுங்க.”

இமாம், “சரிம்மா” என்றார். கணவன் முரண்டு பிடித்தான். ஆனாலும் மணவிலக்கு ஆயிற்று.

அண்ணன் வீட்டில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே அவளுக்குப் படுக்கை போட்டார்கள். அவளுடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தான் அண்ணன்.

“நான் சொன்னது தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஆனா அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதப் போறேன்.”

“எழுதுண்ணே. ஆனா அதைப் படிச்சுட்டு இன்னொருத்தி, ‘புருஷன்கிட்ட காட்டினா திருந்திடுவான்’னு வீட்டுலயே இருந்துடக் கூடாது. அதுக்கு என்ன எழுதணுமோ, அதை முதல் வரியிலயே எழுது.”

அண்ணன் தலையாட்டினான். வெகுநேரம் மேசைமுன் உட்கார்ந்திருந்தும், அந்த முதல் வரி அவனுக்கு வரவில்லை.