பத்தாவது கணக்கு

1

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. 1958 டிசம்பரில், அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், ஜெபமலர் என் காதில் சொன்னது. அதை நாற்பத்தொரு தடவை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆமாம், எண்ணி வைத்திருக்கிறேன். எதையும் எண்ணி வைக்கிற அவள் வியாதி எனக்கும் உண்டு.

கிழித்துப் போட்டவற்றில் இரண்டு:

சேலத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக்... (பனியை யார் பார்த்தது? நான் சூத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

கெட்டிக்காரக் குழந்தைகள் எந்தச் சமூகத்தில் பிறந்தாலும்... (கட்டுரை ஆகிவிட்டது. போகட்டும்.)

2

ஜெபமலர் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தாள். அவள் அப்பா ராயப்பன் தபாலாபீஸ் குமாஸ்தா. நான் அத்தாயி, திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையம் பார்த்த சென்னிமலையின் மகள். சேலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் ஒரு மாதம் அவளிடம் இருக்கும், மறுமாதம் என்னிடம்.

மார்க் குறைந்தால் அவள் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது மாதா கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போவாள். நான் குறைந்த ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு வேளைச் சோற்றை ஒதுக்கிவிட்டு, மாரியம்மனுக்கு விரதம் என்று சொல்லிக்கொள்வேன். அவள் சாமியும் என் சாமியும் தலையைச் சொறிந்திருப்பார்கள். இவர்களிடம் யார் கேட்டது?

3

பாவங்கள் மறந்துவிடாமல் இருக்கப் பிள்ளைகள் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அந்தச் சனிக்கிழமை ஜெபமலரின் சீட்டில் இருந்தவை: தம்பியை அடித்தது. கணக்கில் இரண்டு மார்க் போனது. வரைபடத்தில் காவிரி கோணலாக ஓடியது.

சொல்லி முடித்து வந்தாள். ஒன்று விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. மறுபடி வரிசையில் நின்றாள். அப்புறம் இன்னொரு தடவையும்.

"மறுபடியும் நீயாம்மா?" என்றார் சாமியார், கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணு விட்டுப்போச்சு சாமி. இங்கிலீஷ் நோட்டுல மை சிந்திட்டேன்."

"அது பாவமில்ல."

"அப்ப, பாவமில்லாததப் பாவம்னு சொன்னது பாவமா சாமி?"

(இந்தச் சாமியார் எனக்கு வசப்படவே மாட்டேன் என்கிறார். ஒரு பிரதியில் ஞானியாகிவிட்டார், அடுத்ததில் கொடுமைக்காரர். பாவம், பசியோடு இருந்திருப்பார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.)

"திங்கக்கெழம பரீட்சையில ஒரு கணக்கத் தெரிஞ்சே தப்பாப் போடு. அதான் உனக்கு அபராதம். போம்மா."

அபராதம் என்றால் பாவத்துக்குப் பரிகாரம். வழக்கமாக, மாதாவிடம் வேண்டுகிற பிரியதத்த மந்திரத்தை மூன்று தடவை சொன்னால் முடிந்துவிடும். வேறு பிள்ளையாக இருந்தால் சிரித்திருக்கும்.

4

"தப்பாப் போட்டா ரேங்க் போயிடும் அத்தாயி. சரியாப் போட்டா அபராதம் தீராது. அது தீராம பூசையில நன்மை அப்பம் வாங்கக் கூடாது. கிறிஸ்மஸுக்கு எல்லாரும் வாங்கப் போவாங்க, நான் மட்டும் உக்காந்திருக்கணும். நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன புள்ள தெரியும்?" என்றேன்.

உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவள் தப்பாகப் போட்டால் முதல் ரேங்க் எனக்கு. இதை எழுதத்தான் நாற்பத்தொரு தடவை ஆனது.

பரீட்சைத் தாளில் பத்துக் கணக்குகள். ஒன்பதை இரண்டு பேரும் முடித்துவிட்டோம். பத்தாவது, தண்ணீர்த் தொட்டி. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பன்னிரண்டில். இரண்டையும் திறந்தால்? நான்கு மணி நேரம். படித்தவுடனே தெரிந்துவிட்டது.

ஜெபமலர் பேனாவை மையில் தொட்டாள். நான் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரிந்தே தப்புச் செய்கிற ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. செய்தபிறகு அவள் உயிரோடு இருப்பாளா என்று பார்க்க ஆசை. ஆனால் முதல் ரேங்க்காரிகளின் வழக்கப்படி அவள் இடது கை தாளைச் சுற்றி வேலி போட்டிருந்தது.

மணி அடித்துவிட்டது. என் பத்தாவது கணக்கு வெறுமையாக இருந்தது.

5

முடிவு அ: ஐந்து என்று எழுதினாள். சிரித்த முகத்தோடு நன்மை வாங்கினாள். (இனிப்பு தூக்கல்.)

முடிவு ஆ: நான்கு என்று எழுதினாள். கிறிஸ்மஸ் பூசையில் எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருக்க, அம்மா சகாயம்மாள் தொடையில் கிள்ளி... (அழுகை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். ஜனவரியில் தாளைக் கொடுத்தார்கள். அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "தப்பாப் போட்டியா புள்ள?" என்றேன். சிரித்தாள். ரேங்க்கை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றப் பாடங்களில் அவளுக்கு என்னைவிட இரண்டு மார்க் கூட; கணக்கில் எனக்குப் பத்துப் போனதால் எப்படியும் அவள்தான் முதல். கோடையில் ராயப்பனைத் தம்மம்பட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

என் அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்ற மகளையும் சாமி என்றுதான் கூப்பிடுவார், எங்கள் பக்கத்து வழக்கம்.

"தொண்ணூறு சரீங்க சாமி. அந்தப் பத்து எங்க போச்சுங்க?"

கோபமே இல்லை. பட்டியில் ஓர் ஆடு குறைந்தால் கேட்கிற குரல். அன்றிலிருந்து அந்தப் பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொரு பிரதிகளிலும் அதைத்தான் தேடினேன்.

6

முடிவை என்னால் எழுத முடியாது. எழுதினால் சரியாக எழுதிவிடுவேன்.

தாளுக்கு வேலி போட்ட அவள் கையை நான் மெல்ல விலக்குகிறேன். மை இன்னும் காயவில்லை. பேனாவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

விடை: ............ மணி நேரம்.

ஐந்து, ஏழு, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நான்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதியதும் எழுந்து போய் வயிறாரச் சாப்பிடுங்கள்.