அத்தானுக்கான இடைவெளி

அக்கா பல் டாக்டர். வரவேற்பு மேசையில் அத்தான். கம்ப்யூட்டர் நின்றால் திட்டு வாங்க நான்.

காலையில் ஒரே ஐகானை அழுத்தினால் முன்பதிவு, எக்ஸ்ரே, பில் என்று மூன்று புரோகிராம்களும் திறக்க வேண்டும். அதற்கு ஒரு பேட்ச் ஃபைல் எழுதியிருந்தேன். மூன்றும் முண்டியடித்துக்கொண்டு கிளம்பின. கிழட்டு மெஷின் மூச்சுமுட்டி நின்றது. ஒரு வாரமாக இதே கதை. வந்தவர்கள் வாயைத் திறந்தபடி எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தார்கள்.

"நாளைக்கும் தொங்கிச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். தம்பியாவது, தும்பியாவது" என்றாள் அக்கா.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் நடுவே இருபது நொடி காத்திருக்கச் சொல்லி ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன். அழுத்திப் பார்த்தேன். மூன்றும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் வந்தன.

மறுநாள் அத்தான் அழுத்தினார். மெஷின் செத்தது.

"என்ன பண்ணீங்க?"

"அமுக்கினேன். ஒண்ணுதான் வந்துச்சு. திரும்ப அமுக்கினேன்."

"எத்தன தடவ?"

"அதயெல்லாம் யாரு எண்ணுனா?"

ஒவ்வொரு அழுத்தலுக்கும் மொத்த ஃபைலும் புதிதாக ஓடியிருந்தது. எக்ஸ்ரே மட்டும் ஆறு திறந்திருந்தது.

"கொஞ்சம் காத்திருக்கணும் அத்தான்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதத்தான் மச்சான் பண்றேன். இப்ப இதுக்குமா?"

உள்ளே துளைக்கும் சத்தம் நின்றது. "எக்ஸ்ரே எங்கடா?"

"வருதுக்கா!"

மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். மெஷின்மேல் குற்றமில்லை. அத்தானின் கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஃபைலின் முதல் வரியில் சீட்டாட்டத்தைச் சேர்த்தேன். மற்றவை சுருங்கியபடி திறக்கட்டும் என்று எழுதினேன்.

அத்தான் அழுத்தினார். சீட்டுகள் விரிந்தன.

"அட."

அதன்பிறகு அவர் ஐகான் பக்கமே போகவில்லை. திரையின் அடியில் முன்பதிவு வந்தது. எக்ஸ்ரே வந்தது. பில்லும் வந்தது.

அக்கா முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி வெளியே வந்தாள். "படம் வந்துடுச்சு. எப்படிடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"இரும்மா, இந்த ராஜாவ வச்சுட்டு எடுக்கறேன்" என்றார் அத்தான்.

அக்கா திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீயே இருந்து தொல. ஆனா அந்தச் சீட்டுக்கு முன்னாடியும் ஒரு காத்திருப்பு போடு."

"எவ்வளவு நேரம்க்கா?"

"கிளினிக்க சாத்தற வரைக்கும்."