குடைத்துணியில் ஒரு குளியல் உடுப்பு

கடலுக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நாத்தனார்தான். வங்கியில் வேலை பார்ப்பவள், எதையும் புதிதாக வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி. "கடல்ல குளிக்கிறதுக்குன்னே டிரஸ் இருக்கு அண்ணி. நைட்டியோட இறங்கி என் மானத்தை வாங்கிடாதீங்க" என்றாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் இரண்டே அளவுகளை எடுத்துப் போட்டாள். ஒன்று அவள் தோளைத் தாண்டி இறங்கவில்லை. மற்றதற்குள் அவளும் கணவரும் குடித்தனமே நடத்தலாம். "வேண்டாம்மா, நானே தைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தது. பத்து வருஷமாக அதன் தலையில் டிவி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். டிவியை நாற்காலிக்கு மாற்றி, எண்ணெய் விட்டு மிதித்ததும் கடகடவென்று ஓடியது. துணிக்குத்தான் யோசனை. நனைந்தால் உடம்போடு ஒட்டக் கூடாது, சாயம் போகக் கூடாது. பரணில் கைவிட்டபோது கம்பி முறிந்த குடைகள் ஒவ்வொன்றாக வந்தன. கணக்கு வாத்தியாரான கணவர் வருஷத்துக்கு ஒன்றை ஒடிப்பவர். தண்ணீருக்கென்றே பிறந்த துணி இருக்கும்போது வேறெங்கே தேடுவது என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் அவரை நிற்கவைத்து இடுப்பை அளந்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் பிடித்தார். அவள் அளவை எழுதி, கத்தரியைத் தேடி, அடுத்த அறைக்கே போய்விட்டாள்.

"விடலாமா?" என்று உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்குள் நான்கு ஊசிகள் முறிந்தன. காற்றில் தூக்கிக்கொள்ளக் கூடாதென்று கழுத்து, மணிக்கட்டு, முழங்கால் என்று எல்லா வாயிலும் இறுக்கமாக எலாஸ்டிக் வைத்தாள். அவருக்கு நாடா வைத்த அரைக்கால் சட்டை. அதற்கும் முழங்காலில் எலாஸ்டிக். மிச்சத்தில் அகல விளிம்புத் தொப்பி ஒன்றும், குடைப்பிடியையே கைப்பிடியாக வைத்து ஒரு பையும் தேறின.

"மழைக்குப் பயந்து ஓடுற ஆள் மாதிரி இருக்கேன்" என்றார் வாத்தியார், கண்ணாடியைப் பார்த்து.

"வெயிலுக்கும் ஆகும், போட்டுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நாத்தனார் கடையில் வாங்கிய உடுப்போடு பத்தடி தள்ளியே நடந்தாள். யாரோ தெரியாதவர்கள் பக்கத்தில் வருகிறார்கள் என்பது போல முகம். அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல் இடுப்பளவு நீரில் இறங்கினாள். உள்ளே இருந்த காற்றுக்குப் போக வழியில்லை. முதுகு புடைத்தது, கைகள் புடைத்தன, அடுத்த அலையில் கால் தரையை விட்டது. நாற்பத்து மூன்று வயதுவரை வாளித் தண்ணீரில் மட்டுமே குளித்தவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்.

கடற்கரைக் காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, பயப்படாதீங்க, பிடிச்சுட்டேன்."

"விடுங்க தம்பி. நல்லாத்தானே இருக்கேன். அங்க அவரைப் பாருங்க."

அங்கே வாத்தியார் கரையேற முடியாமல் நின்றார். இடுப்பு வழியாக உள்ளே போன கடல் முழங்கால் எலாஸ்டிக்கில் தங்கிவிட்டது. இரண்டு கால்களிலும் இரண்டு குடங்கள். ஓரடி வைத்தால் குடம் குலுங்கி அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. "காலுக்குப் பத்து லிட்டர் இருக்கும்" என்று அந்த நிலையிலும் கணக்குச் சொன்னார். காவலர் கத்தியை எடுத்ததும், "துணியில கை வைக்காதீங்க, எலாஸ்டிக்கை மட்டும் அறுங்க" என்று அண்ணி கடலிலிருந்து உத்தரவிட்டாள். அறுத்ததும் வாத்தியார் ஒரே பாய்ச்சலில் கரையேறி, இனி கடலையே பார்க்கப் போவதில்லை என்று முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் கணுக்கால் நனைய நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவளோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, எனக்குத் தண்ணின்னாலே பயம். டிரஸ் வாங்கினேனே தவிர, இதுக்கு மேல போனதே இல்ல. கொஞ்ச நேரம் அதை எனக்குத் தருவீங்களா?"

உடை மாற்றும் அறையில் கைமாறியது. அண்ணி வந்தபோது போட்டிருந்த சுடிதாரோடு கரையில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஒரு கையால் காவலரின் தோளைப் பிடித்தபடி இறங்கினாள், புடைத்தாள், கையை விட்டாள். அரைமணி கழிந்தது. ஒருமணியும் ஆயிற்று. அவள் வருவதாக இல்லை. காவலர் ஊதிப் பார்த்தார். வாத்தியார் திரும்பாமலே, "பஸ் போயிடும்னு சொல்லு" என்றார்.

கூப்பிட்டு வரலாம் என்று அண்ணி சுடிதாரோடு நடந்தாள். இடுப்பளவு வந்துவிட்டதை அங்கே போன பிறகுதான் கவனித்தாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி கிடந்தாள். அவளை எழுப்ப அண்ணிக்கு மனம் வரவில்லை. அலை இழுத்துக்கொண்டு போகாமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.