பாறசாலையில் வெயில் பிடிக்க நின்ற வண்டி

பள்ளிக்கூடத்தில் அரைமணி வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த ரெஜிஷா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வெயிலில் நிறுத்திய சூரியசக்தி வண்டியின் மேல் மாதா கோயில் பெருநாள் பந்தலின் தார்ப்பாய் கிடந்தது. பக்கத்தில் சுகுமாரி சேச்சி ஒரு செம்பு சம்பார மோரோடு சிரித்துக்கொண்டு நின்றாள். பந்தய வண்டிக்காரர்களுக்குத் தாகம் தீர்க்க வந்திருந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தி அவள்.

"சீட்டு சுட்டுப் பொள்ளிப்போவும் மக்கா. அதான் மூடி இட்டேன்."

"ஐயோ சேச்சி, அது வெயிலு குடிக்கத்தான் நிக்குது!"

கூட்டாளி பிபினும் உள்ளிருந்து ஓடிவர, இருவரும் சேர்ந்து பாயை இழுத்தார்கள். நாகர்கோவிலில் காலையில் தொடங்கிய பந்தயத்துக்கு இந்தப் பாறசாலைப் பள்ளிக்கூடம்தான் கடைசி நிறுத்தம். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் முதன்முதலாக இப்படியொரு பந்தயம் பாலைவனத்துக்குக் குறுக்கே நடந்ததைப் படித்துத்தான் கல்லூரியில் இருவரும் இந்த வண்டியைக் கட்டினார்கள். இன்றைக்கும் அங்கே நிறுத்தங்களில் தகடுகளைச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடிப்பார்கள். கிடைக்கிற அரைமணி நேரம் பொன்னுக்குச் சமம். அந்த அரைமணி இங்கே பாய்க்கடியில் போயிருந்தது. மூன்று மணிக்குள் நெய்யாற்றின்கரை சேரும் வண்டிகளுக்குத்தான் அடுத்த மாதத்துப் பெரிய பந்தயத்தில் இடம்.

"புகார் குடுத்தா அரைமணிக்கூறு திரும்பக் கிட்டும்," என்றான் பிபின். "வெளியாள் தொட்டதுன்னு எழுதிக் குடுக்கலாம்."

"சேச்சிக்க பேரு எழுதணும்லா?"

"பின்னே? செய்தது அவங்களாக்கும்."

சுகுமாரியின் முகம் வாடிவிட்டது. ரெஜிஷா சம்பாரத்தை வாங்கிக் குடித்தாள். நல்ல புளிப்பு, இஞ்சி மணத்தது. இதைக் கொண்டுவந்தவளின் பெயரைப் புகாரில் எழுத அவளுக்குக் கை வராது.

"சாரமில்ல, போட்டும் சேச்சி. உள்ள சார்ஜுல போயிப் பாக்கேன். இடையில நிக்காம போனா ஒருவேளை மூணுக்குள்ள எத்தும். நின்னு நின்னு எடுத்தாத்தான் சார்ஜு தீரும்."

"நிக்காமலா? உதியங்குளங்கரை நெரிசல்லயா?" பிபின் தலையில் அடித்துக்கொண்டான்.

சுகுமாரி உடனே போனை எடுத்தாள். கணவர் செல்லசாமி உதியங்குளங்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். "நீங்க ஒரு காரியம் செய்யணும். ஒரு கொச்சு வண்டி வருது, தகரப்பெட்டி போல. அதுக்கு வழி விடணும். அமரவிளை ஸ்டாண்டிலயும் சொல்லணும். ஏன்னு பின்ன சொல்லுதேன்!"

பிபின் விதித்தாளைப் புரட்டினான். வண்டியைத் தள்ளினால்தான் தப்பு. வழிவிடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

சிலுவை போட்டுக்கொண்டு ரெஜிஷா கிளம்பினாள். உதியங்குளங்கரையில் காக்கிச் சட்டைக்காரர்கள் கையை விரித்துப் பேருந்தை நிறுத்தினார்கள். பேருந்து டிரைவர் திட்டுவதற்கு வாயைத் திறந்து, வண்டியின் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அமரவிளைப் பாலத்தின் முனையில் ஓர் ஆட்டோக்காரர் மீன்காரியின் வட்டிக் கூடையைத் தாமே தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். ரெஜிஷா பிரேக்கைத் தொடவே இல்லை. நெய்யாற்றின்கரை ஏற்றத்தில் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. கோட்டைத் தாண்டி நின்றபோது நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, "மூணுக்கு நாலு நிமிஷம் உண்டு," என்றார்.

ரெஜிஷா சேச்சியைப் போனில் கூப்பிட்டாள்.

"எத்தனாமத்த இடம் மக்கா?"

"எட்டு."

"மொத்தம் எத்தன வண்டி?"

"ஒம்பது."

"எத்திச்சுல்லா, அது போதும். அந்த ஒம்பதாமத்த பிள்ளைக்கி வல்லதும் குடிக்கக் குடுத்தாங்களா?"

ரெஜிஷா திரும்பிப் பார்த்தாள். கடைசி வண்டி இன்னும் வரவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏற்றத்தை நோக்கி நடந்தாள்.