நசுங்கிய குழாய்

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கியபோது, அது கிராமபோன் குழாய் என்றே பெத்தணனுக்குப் பிடிபடவில்லை. மாடு மிதித்த அண்டா, கிணற்றில் விழுந்த தவலை, கல்யாண வீட்டுச் சண்டையில் எறிந்த குத்துவிளக்கு என்று விருதுநகர் பாத்திரத் தெருவில் அவன் நிமிர்த்தாத பித்தளை கிடையாது. இது வேறு மாதிரி இருந்தது. ஊமத்தம்பூப் போல விரிந்திருக்க வேண்டிய வாய், பிழிந்து போட்ட ஈரத்துணியாகச் சுருண்டு கிடந்தது.

"வண்டியில இருந்து விளுந்து சக்கரம் ஏறிருச்சு" என்றார் கொண்டுவந்தவர். ஒல்லியான ஆள், நெற்றியில் பழைய தழும்பு. "சிவகாசியில இருந்து வாரேன். எங்க மொதலாளியோட அப்பா கொளும்புல இருந்து கொண்டாந்த சாமான். தீவாளிக்குள்ள பளைய மாதிரி ஆக்கிரு."

"சிவகாசியிலயே ஆளுக இருப்பாகளே?"

"ஒன் கை நல்லாருக்கும்னு சொன்னாக."

எந்த முதலாளி என்று பெத்தணன் கேட்கவில்லை. புகழ்ச்சி அவன் வாயை அடைத்துவிட்டது.

அந்த நாட்களில் அவனுக்கு வேலை ஒரு மறைவிடம். பட்டறைக்குப் பின்கட்டில் தங்கை வெள்ளைத்தாய் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். சிவகாசிக்கு மேற்கே அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஆடி மாதம் தீப்பிடித்து, அவளோடு வேலை பார்த்த மாரித்தாயும் இன்னும் இரண்டு பெண்களும் கருகிப் போனார்கள். வெள்ளைத்தாய் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்: "கதவ வெளிய பூட்டிட்டாகண்ணே. வேல செய்யையில போடுற பாட்டுப்பெட்டிக் குளாயப் பிடுங்கி இடி இடின்னு இடிச்சேன்."

கதவு திறந்தே இருந்தது, பெண்கள் பயத்தில் மூலையில் ஒண்டிவிட்டார்கள் என்று கம்பெனியில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெத்தணனும் அதையே நம்பினான்; பூட்டு, குழாய் எல்லாமே மயக்கத்தில் வந்த பிதற்றல் என்று எண்ணினான். "பொகையில ஒனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது தாயி" என்று அவளைத் தேற்றினான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உலை நெருப்பைப் பார்க்கப் பயந்து பட்டறைப் பக்கமும் வருவதில்லை.

பெத்தணன் குழாயின் ஆறு தகட்டு இதழ்களையும் ஒட்டியிருந்த ஈயப் பற்றை இளக்கி, அவற்றைத் தனித்தனியே பிரித்தான். ஒவ்வொன்றாகக் கரியில் வாட்டி, மர முளையில் கவிழ்த்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் பதமாகத் தட்டினான். அங்கங்கே பச்சையாக ஒட்டியிருந்ததைக் களிம்பு என்று எண்ணி, புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவினான். நெளிவு நீங்கி ஒவ்வோர் இதழும் பொன்னாக மின்னியபோது, எத்தனையோ நாளாக இல்லாத ஒரு நிம்மதி அவனுக்குள் வந்தது.

கடைசியாக மிஞ்சியது விளிம்பு உள்நோக்கி மடிந்துபோன இதழ். நெருப்பில் வைக்குமுன் மடிப்பை உளியால் நெம்பினான். உள்ளே இறுகியிருந்த மரச்சிராய் ஒன்று அவன் மடியில் விழுந்தது. அதன் ஒரு பக்கம் பச்சை வர்ணம், கதவுக்கு அடிக்கிற வர்ணம்.

ஆஸ்பத்திரியில் தங்கை சொன்னது அவன் காதில் மறுபடி ஒலித்தது. பிறகு உலையை அவித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்த் தங்கையை அழைத்துவந்தான்.

வெள்ளைத்தாய் வாசற்படியிலேயே நின்றாள். அழவில்லை. "இதுதான்" என்றாள். "யாரு கொண்டாந்தது? நெத்தியில தளும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கணக்கப்பிள்ளை சீனிவாசகம். சீசன் நேரம், தண்ணி குடிக்கப் போறோம்னு பொம்பளைக சுத்துறாகன்னு அவந்தான் பூட்டினான்." உள்ளே வந்து, கட்டுப் போட்ட கையால் ஒரு பளபளக்கும் இதழை மெல்லத் தள்ளிப் பார்த்தாள். "மத்ததை அம்புட்டையும் நிமித்திட்டியாண்ணே?"

பெத்தணன் மடிந்த இதழை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"மாரித்தாயி எம் முந்தியப் பிடிச்சுக்கிட்டே நின்னா. இடிச்சுக்கிட்டே இருக்கேன், பிடி விட்டுப் போச்சு."

பெத்தணனின் மனைவி ராமுத்தாய் அவனைத் தனியே இழுத்துப் போனாள். "இங்க பாருங்க, அவுக பெரிய கையி. குளாயக் குடுத்து அனுப்பிருங்க. இருக்கிற உசுராவது இருக்கட்டும்." அவள் பயமும் நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரியே அவன் இதழ்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஒளித்தான்.

சீனிவாசகம் வந்தபோது பட்டறையில் குழாய் இல்லை.

"குடுக்க முடியாதுய்யா. வெள்ளைத்தாயி என் கூடப்பொறந்தவ" என்றான் பெத்தணன்.

சீனிவாசகத்தின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "ஏலே, அடுத்தவன் சாமானத் திருடுறியா? போலீசுக்குப் போவேன்."

"போங்க. நானும் அங்கனதான் வாரேன்."

அவர் போலீசுக்குப் போகவில்லை. விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி சாத்தூரில் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெத்தணன் தங்கையோடு பஸ் ஏறினான். இதழ்களையும் சிராயையும் அதிகாரியின் மேசைமேல் பரப்பினான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். "மற்ற இதழ்களிலும் வர்ணம் இருந்ததா?"

"இருந்துச்சுய்யா. களிம்புன்னு நெனச்சு நாந்தான் கழுவிட்டேன்."

"நீங்கள் இந்தப் பெண்ணின் அண்ணன். ஐந்து இதழைத் தட்டி நேராக்கியவரும் நீங்கள்தான். ஆறாவதை நீங்களே நசுக்கவில்லை என்று நான் எப்படி எழுதுவது?"

பெத்தணன் தங்கையோடு வெளியே வந்தான். அந்த மனிதரைக் குற்றம் சொல்ல அவனுக்கு வழியில்லை.

வெளியே மரத்தடியில் கம்பெனி வண்டிக்காரன் செல்லச்சாமி உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தது என்று சாட்சி சொல்லக் கம்பெனி வரச்சொன்னதால் வந்தவன். வெள்ளைத்தாய் அவன் எதிரே போய் நின்றாள். கட்டு அவிழ்ந்து, விரலோடு விரல் ஒட்டிப்போன கை அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"என்னய அப்பிடிப் பாக்காத தாயி" என்றான். அவள் நகரவில்லை. செல்லச்சாமி எழுந்தான், தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான், விறுவிறுவென்று உள்ளே போனான். "பூட்டு தொங்குச்சுய்யா. கடப்பாறைய வச்சு ஒடைச்சவனே நாந்தான்" என்று அவன் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது.

வழக்கு நடந்தது. சீனிவாசகம் சிறைக்குப் போனார். முதலாளி லட்சுமிகாந்தம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்தார். அடுத்த வருசமே வேறு பெயரில் கம்பெனி நடத்தினார். செல்லச்சாமி அந்தப் பக்கம் எங்கேயும் வேலை கிடைக்காமல் ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனான்.

வெள்ளைத்தாய் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவனிடம் ஒருநாளும் முகம் கோணவில்லை. ஆனால் எதைச் சொன்னாலும், "மேக்குக்காட்டுல மளை எறங்குதுண்ணே, நெசமாத்தான்," "பால்காரன் வந்துட்டுப் போயிட்டான், நெசமாத்தான்" என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்தே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பெத்தணன் செய்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, "சரி தாயி" என்பான்.