ஆல்பர்ட்டுக்கு ஒரு தப்பு தேவை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ரங்கராஜன் என்று ஒருவன். மனைவி ஹம்சா பள்ளியில் கணக்கு டீச்சர். கொஞ்ச நாளாக அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் ரசத்துக்கு முன்னால் ஆல்பர்ட், மோருக்குப் பின்னாலும் ஆல்பர்ட். பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு சார் அவர். ரங்கராஜன் நான் இல்லை. பெயரே வேறு, பாருங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஆல்பர்ட்டுக்கு முன்வழுக்கை. நடக்கும்போது தொப்பை...’

அடித்துவிட்டேன். ஆளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. மெட்ரோ வாசலில் ஹம்சாவோடு பேசிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். (திருத்தம்: ரங்கராஜன் பார்த்தான்.)

இரண்டாம் முயற்சியைச் சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறேன்.

“பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி கிராஃபைக் காத்துல கையால போடச் சொல்றார். கோடு எங்க அச்சை வெட்டறது, எங்க தொட்டுட்டுத் திரும்பறதுன்னு பசங்களுக்கு ஜல்தியா புரிஞ்சுடறது,” என்று ஹம்சா கையை வீசிக் காட்டினாள். கை கீழேயிருந்து எழும்பி, வளைந்து இறங்கி, மேசையைத் தொட்டு மறுபடி எழும்பியது.

அந்தக் கை அவ்வளவு சந்தோஷமாக எழும்பி ரங்கராஜன் பார்த்ததே இல்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

ஆல்பர்ட்டைத் தப்புப் பண்ண வைக்க வேண்டும். பிரின்சிபால் முன்னாலேயே பண்ண வேண்டும். ஆனால் எனக்குக் கணக்கு வராது. கதைக்காக என்று சொல்லி ஹம்சாவிடமே கேட்டான் ரங்கராஜன்.

“கிராஃபைப் பாத்து சமன்பாடு எழுதறச்சே எல்லாரும் எங்க சறுக்குவா?”

“அச்சை வெட்டற மூணு இடத்தைப் பாத்த உடனே எழுதிடுவா. அதே மூணு இடத்தை வெட்டிண்டு கோடு ஒசரமா போகலாம், சப்பையா போகலாம், தலைகீழாவும் போகலாம். எதுன்னு தெரிய இன்னொரு புள்ளி வேணும். அதைத் தேடாம எழுதினா மார்க் போச்சு.”

அச்சா. ஆல்பர்ட் தொலைந்தார்.

4

‘கடைசி பெஞ்சில் பிரின்சிபால். ஆல்பர்ட் மூன்று இடங்களைப் பார்த்துச் சமன்பாட்டை எழுதினார். பொன்னி என்ற மாணவி எழுந்தாள். “சார், கோடு செங்குத்து அச்சைப் பன்னிரண்டில் வெட்டுது. உங்க சமன்பாட்டுல ஆறுதானே வருது?” வகுப்பு சிரித்தது.’

இதை எழுதியபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. ஹம்சா வாங்கி முதலிலிருந்து படித்தாள். அவள் சிரிக்கவில்லை.

“ஆல்பர்ட் இந்தத் தப்பைப் பண்ண மாட்டார். இந்தக் கதைல வர்ற புருஷன்தான் பண்ணிண்டிருக்கான்.”

சாப்பாட்டுப் பேச்சு, மெட்ரோ வாசல், எழும்பிய கை. மூன்று இடங்களை வைத்துக்கொண்டு ரங்கராஜன் முழுக் கோட்டையும் போட்டுவிட்டிருந்தான்.

5

முடிவு ஒன்று: அவன் ஆல்பர்ட்டைப் பற்றி நேராகக் கேட்கிறான். அவள் “பைத்தியம்” என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: அவன் கேட்கிறான். அவள்...

எழுத வரவில்லை. ஹம்சா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். “கேக்கணும்னா கேளுங்கோ,” என்கிறாள்.

ரங்கராஜன் கேட்கவில்லை. நான் கேட்டுவிட்டேன்.

அவள் கை மேசையிலிருந்து எழும்புகிறது. மீதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.